வக்கீலம்மாவின் ஒன்பதாவது பிரிவு

எங்கள் தெருவில் காலை ஆறரை மணிக்குத் தறிக்கான பாவு நீட்டினால் எட்டரை வரைக்கும் தெரு எங்களுடையது. இந்த முனையில் ஒரு கம்பு, அந்த முனையில் ஒரு கம்பு, நடுவே தெரு நீளத்துக்குப் பட்டு இழை. கஞ்சி தடவ வேண்டும், ஒட்டினதைப் பிரிக்க வேண்டும், அறுந்ததை முடிய வேண்டும். வெயில் சூடேறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் வண்டியில் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். “இன்னா, தெருவ பட்டா போட்டுகினீங்களா?” என்று கேட்பவர்களும் உண்டு.

வக்கீல் சந்திரகாந்தா ஒருநாளும் ஹாரன் அடித்ததில்லை. எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய ஆபீஸ். தினமும் ஏழரை மணிக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பின்பக்கச் சந்திலிருந்து வருவார். “வண்டிக்கு இன்னா ஆச்சும்மா?” என்று கேட்டால், “ஸ்டார்ட்டிங் டிரபிள்க்கா” என்பார். ஒரு வருஷமாக அதே நேரத்தில் அதே மூலையில் அந்த வண்டிக்கு ஸ்டார்ட்டிங் டிரபிள் வந்துகொண்டிருந்தது. நானும் ஒரு மெக்கானிக் பேரைச் சொல்லிப் பார்த்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் மாடியில் துணி காயப்போட ஏறினேன். முந்தின நாள் நல்ல மழை. தெருமுனை வரைக்கும் வண்டி ஜம்மென்று ஓடி வந்தது. எங்கள் பாவைக் கண்டதும் நின்றது. அவர் இறங்கி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, கோர்ட்டுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடைச் சந்துச் சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்தார். குழாயில் காலைக் கழுவினார். நான் கீழே இறங்கி வந்து, “ஸ்டார்ட்டிங் டிரபிளாம்மா?” என்றேன்.

“ஆமாக்கா. ரொம்ப பேஜார் பண்ணுது.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ரேணுகாம்பாளுக்கு வாங்கிய பூவில் ஒரு முழத்தை அந்த ஸ்கூட்டர் பேரில் சாத்தினேன்.

சந்திரகாந்தா பக்கத்துக் கிராமத்து ஜைனக் குடும்பம். அப்பா நெல்லும் வேர்க்கடலையும் போட்டவர், இப்போது இல்லை. அம்மா மட்டும் ஊரில் இருக்கிறார். வேலூரில் சட்டம் படித்துவிட்டு வந்து ஆரணி கோர்ட்டில் பதிமூன்று வருஷமாக வக்கீல். வயது முப்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எங்கள் தெருவுக்குத்தான் அது விஷயம்.

பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள் அவர்கள். அதனால் ஐந்தரை மணிக்கே டப்பாவைத் திறந்துவிடுவார். எதிரே கட்சிக்காரர் அழுதுகொண்டிருந்தாலும், “அஞ்சு நிமிஷம் நீங்க அழுதுகினு இருங்க. வெளிச்சம் போறதுக்குள்ள ரெண்டு இட்லி சாப்ட்டு வந்துர்றேன்” என்பார். அவர்களும் அழுதுகொண்டே காத்திருப்பார்கள். வரப்புச் சண்டை, வழிச் சண்டை, சாக்கடைச் சண்டை எல்லாம் அவரிடம்தான் வரும். அவர் தமிழில் எழுதுகிற மனுவை எதிர்க்கட்சி வக்கீலே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார் என்று சொல்வார்கள்.

இங்கிலீஷ் அவருக்கு வேண்டியதாகிப் போனது ஒரு கிளியால்.

எதிர்வீட்டு ராஜ்குமார் நல்ல கைக்காரன். பார்டரில் ஒரு கிளி போடுவான். கழுத்தைத் திருப்பித் தன் வாலையே பார்க்கிற கிளி. அதை அவன்தான் யோசித்துப் போட்டான். ஆன்லைனில் புடவை விற்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, நாற்பத்திரண்டு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒப்பந்தம் நீட்டினார்கள். போட்டான் கையெழுத்து. ஆறு மாதத்தில் நோட்டீஸ் வந்தது. ராஜ்குமாருடைய கிளியை ராஜ்குமார் இனி நெய்யக்கூடாதாம். கிளி கம்பெனிக்குச் சொந்தமாம்.

வக்கீலம்மா அந்த நாற்பத்திரண்டு பக்கத்தை ஒன்பது நாள் படித்தார். பத்தாம் நாள் ராஜ்குமாரைக் கூப்பிட்டார். “முப்பத்தொண்ணாம் பக்கம் முழுக்க ஒரே வாக்கியம் தம்பி. உள்ள பூந்துட்டேன். வெளிய வர வழி தெரியல” என்றார். கேஸ் தோற்றது. கிளி போயிற்று. ராஜ்குமார் மாங்காய் பார்டருக்கு மாறினான். அன்றிலிருந்து அவன் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. கூரியர்காரர் வந்தால்கூட பொண்டாட்டியை அனுப்பிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வான்.

வக்கீலம்மா ஒருமாதம் அந்த நாற்பத்திரண்டு பக்கத்தையே புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார். “அந்தப் பக்கத்த எழுதினவன் எங்க படிச்சானோ, அங்கயே போய் நானும் படிச்சுட்டு வரேன்க்கா.”

ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஒரே ஒரு கண்டிஷன். ஜூலை முடிவதற்குள் சட்ட இங்கிலீஷ் என்று ஒரு பயிற்சியைக் கம்ப்யூட்டரிலேயே படித்து, பரீட்சையில் தேற வேண்டும். தேறாவிட்டால் இடம் இல்லை. அடுத்த வருஷம் என்பதும் இல்லை. உதவித்தொகை இந்த வருஷத்தோடு சரி.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் சட்ட இங்கிலீஷ் நுழைந்தது.

வாக்கியங்களை மூச்சு விடாமல் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்களாம். முன்னறையில் அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார். பின்னறையில் நான் தறியில் உட்காருவேன். “ஹியரினாஃப்டர்” என்பார், “ப்ரொவைடட் தட்” என்பார், முடிந்தது என்று நினைத்தால் “நாட்வித்ஸ்டாண்டிங்” என்று மறுபடி கிளம்புவார். அவர் ஒரு முற்றுப்புள்ளிக்கு வந்து சேர்வதற்குள் நான் அரை விரல் அகலம் நெய்துவிடுவேன். என் வீட்டுக்காரர் லோகநாதன் பாவு சுற்றிக்கொண்டே, “இன்னிக்கு எத்தினி வாக்கியம் நெய்ஞ்ச?” என்று கேட்பார்.

அந்த இங்கிலீஷில் எதையும் முதலில் இன்னதென்று சொல்லி வைத்துக்கொண்டுதான் பேச வேண்டுமாம். அது அவருடைய தமிழிலும் தொற்றிக்கொண்டது. “அக்கா, உங்க வீட்டு மோர், அதாவது இனிமே ‘மோர்’னு சொல்லப்படுவது, ஒரு டம்ளர் கெடைக்குமா?” என்பார். நான் கொடுத்தால், “மேற்படி மோரு நல்லா கீது” என்பார்.

எழுத்துப் பயிற்சியும் உண்டு. முதல் பயிற்சியாக அவர் கையால் எழுதிய இரண்டு தாளை, ஸ்கேன் எடுக்கும் முன் மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் குடிக்கப் போனார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். அவ்வளவு பெரிய காரியத்துக்கு எழுதின தாள், வெறும் வெள்ளையாகவா போகும்? நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அம்பாள் படத்தின் காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அப்படியே ஸ்கேன் எடுத்து அனுப்பினார்.

வாத்தியார் பேர் கால்டர். பதில் எழுதியிருந்தார். ஏழு பிழை. எட்டாவதாக, “நான்கு மூலைகளிலும் காணப்படும் மஞ்சள் நிறம் ஒப்பந்தத்தில் எங்கும் விளக்கப்படவில்லை” என்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னாலதானே கொறை சொல்லிட்டாரு. இனிமே தடவல” என்றேன்.

“தடவுங்க, தடவுங்க. வெளக்கிட்டா போச்சு” என்றார். அடுத்த பயிற்சியில் இரண்டாம் பிரிவாக மஞ்சளை எழுதினார். மஞ்சள் என்றால் மூலைகளில் இடப்படுவது, அதனால் எந்தத் தரப்புக்கும் கடமையோ பொறுப்போ ஏற்படாது, ஆனால் அதை அழிக்கக் கூடாது. பதினோரு வரி. கால்டர் அதற்கு முழு மதிப்பெண் போட்டார்.

ஜூலையில் பரீட்சை. அதற்கு நிஜமான இரண்டு தரப்பு வேண்டும், நிஜமான ஒரு விவகாரம் வேண்டும். இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, ஒப்பந்தத்தைப் பிரிவு பிரிவாகப் படித்து, அவர்கள் கேட்கிற மாற்றங்களை அங்கேயே எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். கால்டர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே யார் எது பேசினாலும் உடனே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மொத்தம் ஐம்பது நிமிஷம். கையெழுத்து விழவில்லை என்றால் தேறவில்லை.

வக்கீலம்மா எங்கள் தெருவையே எடுத்தார். தெருவில் ஒரு நேரத்தில் ஒரு பாவுதான் நீட்ட முடியும். எங்களுக்கு எந்தக் கிழமை, ராஜ்குமாருக்கு எந்தக் கிழமை என்று ஒப்பந்தம். நான் முதல் தரப்பு, ராஜ்குமார் இரண்டாம் தரப்பு. மூன்றாம் வீட்டு ஜெயம் வந்து, “எனக்கு எத்தினியாம் தரப்பு?” என்று கேட்டாள். அவளுக்குத் தறி இல்லை, அதனால் தரப்பு இல்லை என்று வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார். ஜெயத்துக்கு முகம் சுண்டிவிட்டது.

ஆனால் எங்களுக்குள் சண்டையே இல்லை. யார் முதலில் கம்பு நட்டாரோ அவர் நீட்டுவார், மற்றவர் நாளைக்கு நீட்டுவார். அதுதான் வக்கீலம்மாவுக்குப் பெரிய இடைஞ்சல். “சண்ட இல்லாம ஒப்பந்தம் எப்பிடிக்கா போடறது? கொஞ்சம் சண்ட போட்டு காட்டுங்க” என்றார்.

நாங்கள் உட்கார்ந்து சண்டை பழகினோம்.

“அக்கா, உங்க கஞ்சி நாத்தம் தாங்கல” என்றான் ராஜ்குமார்.

“எனக்கும் தாங்கலப்பா. எங்க வூட்டுக்காரரு காய்ச்சினது” என்றேன்.

“அப்பிடி ஒத்துக்கக் கூடாதுக்கா! மறுக்கணும்!” என்று வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று நாள் பழகியும் எனக்கு வரவில்லை. கடைசியில் ராஜ்குமார், “வக்கீலம்மா, உங்களுக்காக நான் சண்ட போடறேன், பேசறேன், எது வேணா பண்றேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. நான் போட்டா எதனா ஒண்ணு பறந்து பூடும்” என்றான். அவர் அவனை வற்புறுத்தவில்லை. “கடைசி நிமிஷம் வரைக்கும் யோசிங்க தம்பி” என்றார். ஆனால் அன்று மாலை டப்பாவைத் திறக்காமலே எடுத்துப் போனார்.

கால்டர் குறித்த நேரம், வியாழக்கிழமை, நம் மணிக்கு மதியம் இரண்டு. நான் காலண்டரைப் பார்த்தேன். வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று ராகு காலம். “அம்மா, மன்னிச்சிக்கோ. ராகு காலத்துல நான் கையெழுத்து போடமாட்டேன்” என்றேன். ஒரு தரப்பு ஏற்கெனவே போடமாட்டேன் என்கிறது, இன்னொன்றும் மாட்டேன் என்கிறது. ஜைனர்கள் பொறுமைசாலிகள். வக்கீலம்மா உட்கார்ந்து, ராகு காலத்தை விளக்கி ஒரு மெயில் அனுப்பினார். கால்டர் மூன்றேகாலுக்கு மாற்றிக்கொண்டார். நல்ல மனிதர்.

இதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் என் தப்பு.

முந்தின நாள் ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை இரண்டாம் தரப்பிடம் சேர்த்துவிடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மஞ்சள் தடவிய தாளை வெறுங்கையால் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவே தாள். அப்படியே தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனேன். ஜெயம் வாசலில் நின்று பார்த்தாள்.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். தட்டு போகிறது. மஞ்சள் தடவிய தாள். வக்கீலம்மா வெளிநாடு போகிறார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் நாளைக்கு வீடியோவில் வருகிறார். ராகு காலம் என்றதும் அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் நேரத்தை மாற்றிக்கொள்கிறார். எல்லோர் முன்னாலும் எழுதினதைப் படித்துக் கையெழுத்து போடுகிறார்கள். இதற்குப் பேர் நிச்சயதார்த்தம் இல்லையென்றால் வேறு என்ன?

வியாழக்கிழமை மூன்றேகால் மணி. முன்னறையில் பாய் விரித்து நானும் ராஜ்குமாரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஸ்டூல்மேல் லேப்டாப். அதில் கால்டர். அறுபது வயதிருக்கும். மொட்டைத் தலை, பச்சை ஸ்வெட்டர், மடியில் ஒரு பூனை. விளக்கேற்றினேன். வக்கீலம்மா முதல் பிரிவைப் படித்தார், மஞ்சள் பிரிவைப் படித்தார், கிழமைப் பிரிவுக்கு வந்தார்.

அப்போது ஜெயம் தட்டோடு உள்ளே வந்தாள். பின்னால் இன்னும் ஆறு தட்டு. தேங்காய், கற்கண்டு, பூ, மாதுளை, ஒரு ரவிக்கைத் துணி. எல்லோரும் பட்டுப்புடவை. வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜெயம் லேப்டாப்பை உற்றுப் பார்த்துவிட்டு என் காதில், “இன்னாடி பரிமளா, மாப்ளைக்குத் தலையில ஒரு முடி இல்ல” என்றாள்.

அப்போதுதான் நேற்றுத் தாம்பாளம் தூக்கிப் போனது எனக்கு நினைவுக்கு வந்தது.

கால்டர் ஏதோ கேட்டார். வக்கீலம்மா தமிழில், “அந்தம்மா இன்னா சொன்னாங்கன்னு கேக்கறாரு” என்றார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் விதி விதிதான். ஜெயம் சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். கால்டர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. வக்கீலம்மாவின் அம்மா இறங்கினார். ஜெயம் யாரிடமோ நம்பர் வாங்கி போன் போட்டிருக்கிறாள். “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே சந்திரா” என்று கண்ணைத் துடைத்தபடி வந்தவர், லேப்டாப்பைப் பார்த்துக் கைகூப்பினார். கால்டரும் கைகூப்பினார். பூனை இறங்கிப் போய்விட்டது.

“நம்ம ஜனமா இல்லாகட்டி போவுது” என்றார் அம்மா. “பொழுது சாஞ்சப்புறம் சாப்புடுவாரான்னு மட்டும் கேளு.”

“அம்மா, இது பரீட்சம்மா.”

“பரீட்ச இல்லாம எப்பிடி? கேட்டுத்தானே குடுக்கணும். கேளுடி.”

வக்கீலம்மா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். பிறகு கேட்டார். பெரிய வாக்கியம், நாட்வித்ஸ்டாண்டிங் எல்லாம் வந்தது. கால்டர் யோசித்துப் பதில் சொன்னார். “அவங்க ஊர்ல இப்ப ராத்திரி பத்து மணிக்குத்தான் பொழுது சாயுதாம். அதுக்கப்புறம் அவரு சாப்புடறதில்லயாம்” என்றார் வக்கீலம்மா.

“அப்ப நம்மவருதான்” என்று அம்மா பாயில் உட்கார்ந்துவிட்டார்.

கால்டர் மறுபடி ஏதோ கேட்டார். இவர்களெல்லாம் யார் என்று கேட்டிருக்க வேண்டும். வக்கீலம்மா எங்கள் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. “இவரு மாப்ள இல்ல. எங்க வாத்தியாரு. இது என் பரீட்ச. இதுல தேறலன்னா எனக்கு அந்தப் படிப்பு இல்ல. இன்னும் முப்பத்திரண்டு நிமிஷந்தான் கீது” என்றார். அதையே இங்கிலீஷிலும் சொன்னார்.

ஜெயம் தட்டை மடியில் சரிசெய்துகொண்டாள். “வாத்தியாருக்கு கல்யாணம் ஆயிட்ச்சான்னாவது கேளு.”

கேட்டார். ஆகி முப்பத்தொரு வருஷமாம்.

எடுத்து வந்த தட்டை நல்ல காரியம் நடக்காமல் திருப்பி எடுத்துப் போகக்கூடாது. அதனால் யாரும் எழுந்திருக்கவில்லை. “அப்ப படிம்மா, ஜல்தி படி” என்றாள் ஜெயம். அவளே எல்லோரையும் வாயைப் பொத்தச் சொன்னாள். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு மளமளவென்று போயின. ராஜ்குமார் பழகினபடி என் கஞ்சியைத் திட்டினான். நான் மறுத்தேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. வக்கீலம்மா என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

ஒன்பதாவது பிரிவு வந்தது. தரப்புகளில் ஒருவர் இறந்துபோனால் என்று ஆரம்பித்தார்.

“அய்யய்யோ!” என்று ஏழு தட்டும் ஒரே சமயத்தில் ஆடின. “விளக்கு எரியுது, பூவும் பழமும் வெச்சிருக்குது, இப்ப போயி சாவப் பத்தி படிக்கிறியே!” ஜெயம் என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “பரிமளா ஏன் சாவணும்? நல்லா கல்லு மாதிரி கீறா.”

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பிரிவு இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை. எனக்கும் மஞ்சள் தாளில் அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடக் கை வரவில்லை. ஆனால் அவருடைய விரல் பேனாவை எப்படிப் பிடித்திருந்தது என்று பார்த்தேன். சேற்றில் ஸ்கூட்டரைத் தள்ளினபோது புடவையை அப்படித்தான் பிடித்திருந்தார். அம்பாளை நினைத்துக்கொண்டு சொன்னேன். “அந்த வார்த்த வேணாம்மா. செத்தவங்கள நாங்க ‘போயிட்டாங்க’ன்னுதானே சொல்வோம். தெருவ விட்டு போயிட்டான்னு போடு.”

“போறதுன்னா?” என்றான் ராஜ்குமார். “என் மச்சான் தறிய வித்துட்டு வேலைக்குன்னு செய்யாறு கம்பெனி பஸ்ஸு ஏறினான். அதுவும் போறதுதானே?”

“அதுவுந்தான்” என்றார் வக்கீலம்மா. முகம் சட்டென்று வெளிச்சமானது. குனிந்து எழுதினார். தரப்புகளில் ஒருவர், பஸ்ஸிலோ வேறு எந்த வழியிலோ, இந்தத் தெருவை விட்டுத் திரும்பாமல் போய்விட்டால், அவருடைய கிழமைகள் அவர் பிள்ளைகளைச் சேரும்.

“திரும்பாமன்னு எப்பிடி எழுதுவ?” என்றார் அவருடைய அம்மா. “எல்லா உயிரும் திரும்பித்தான் வரணும். இந்த உடம்பு இல்லன்னா வேற உடம்பு. ஒன்ன படிக்க வெச்சேனே, இதுகூடத் தெரியாதா?”

இதையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. கால்டர் முன்னால் சாய்ந்தார். அவர் முகத்தில் அப்போதுதான் நிஜமாக ஒரு ஆர்வம் வந்தது. வக்கீலம்மா அவருடைய கேள்வியை எங்களுக்குச் சொன்னார். “செத்துப்போன தரப்பு மறுபடி இதே தெருவுல பொறந்து, பழைய கிழமைய கேட்டா, இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்துமான்னு கேக்கறாரு.”

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம். அவர் தாளைப் பார்க்கவில்லை. பாடத்தில் படித்த எந்த வாக்கியமும் வரவில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, மூச்சு விட்டு விட்டு, இங்கிலீஷில் பேசினார். பிறகு எங்களிடம் சொன்னார். “கட்டுப்படுத்தாதுன்னு சொல்லிட்டேன். திரும்பிப் பொறந்தவரு கொழந்த. எங்க நாட்டு சட்டப்படி பதினெட்டு வயசு வரைக்கும் அவரு ஒப்பந்தமே போட முடியாது. பதினெட்டு முடிஞ்சதும் அவரு வந்து, புதுசா பேசி, புதுசா கையெழுத்து போடணும்.”

கால்டர் சிரித்தார். வாத்தியார்கள் சிரித்தால் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் ஐந்தாவது வரைதான் பார்த்திருக்கிறேன்.

பத்து நிமிஷம் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். பேனா ராஜ்குமாரிடம் போனது. அவன் அதைத் தொடவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுல என்கிட்டருந்து எதனா எடுத்துக்கறீங்களா?”

“மூணாம் பிரிவ பாருங்க தம்பி. உங்க கிழமைங்க உங்களுக்கு. வேற எதுவும் இல்ல.”

“கிளி?”

“இதுல பறவையே இல்ல.”

அவன் தாளிலிருந்து நிமிர்ந்தான். “அப்ப ஒண்ணு போடுங்க. நான் இனிமே எந்தப் பறவைய நெய்ஞ்சாலும் அது என்னுது.”

தெருவில் பாவு நீட்டுவதற்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று கால்டர் கேட்டிருக்கிறார். வக்கீலம்மா கிளிக் கதையைச் சொன்னார். நாற்பத்திரண்டு பக்கம், முப்பத்தொன்றாம் பக்கம், தோற்றது எல்லாம். தன் தோல்வியை இரண்டு பாஷையிலும் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. கால்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. வக்கீலம்மா பத்தாவது பிரிவாகப் பறவையை எழுதி, சத்தமாகப் படித்து, தமிழிலும் சொன்னார். நான் அதன் கீழும் ஒரு கையெழுத்துப் போட்டேன். ராஜ்குமார் ஒவ்வொரு வார்த்தைமேலும் விரலை வைத்துக்கொண்டு போனான். கடைசி வார்த்தையில் விரல் நின்றது. பேனாவை எடுத்தான்.

கையெழுத்து விழுந்தபோது ஜெயம் குலவை போட்டாள். கால்டரின் பூனை எங்கிருந்தோ ஓடி வந்து திரும்ப மடியில் ஏறியது.

எட்டு நாள் கழித்து மெயில் வந்தது. தேறிவிட்டார். மறுபிறவி எடுத்த தரப்பு மைனர் என்ற வாதத்தைத் தன் அனுபவத்தில் எந்த மாணவரும் வைத்ததில்லை என்று கால்டர் எழுதியிருந்தாராம். பாட்டிலில் இருந்த மஞ்சள் பொடியில் ஒரு பொட்டலம் கட்டி, கால்டருக்கு என்று சொல்லி வக்கீலம்மாவின் பெட்டியில் வைத்தேன். ரவிக்கைத் துணியை அவர் அம்மா எடுத்துக்கொண்டார். தேங்காய்களெல்லாம் அம்பாள் கோயிலுக்குப் போயின. அந்த ஒப்பந்தம் இப்போதும் நடக்கிறது. எங்களுக்குள் சண்டை வந்தால் எடுத்துப் பார்க்கலாம் என்று அம்பாள் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.

வக்கீலம்மா கிளம்பினது செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு. ஒப்பந்தப்படி வியாழன் ராஜ்குமாருடையது. தெரு முழுக்க அவன் பாவு. ஏர்போர்ட் போகிற கார் தெருமுனையில் நின்றது.

“ஒரு நிமிஷம் இருங்க வக்கீலம்மா, தூக்கிப் புடிக்கறோம், கார் உள்ள வரட்டும்” என்றான் ராஜ்குமார். நானும் என் வீட்டுக்காரரும் கம்பைப் பிடிக்க ஓடினோம். அதற்குள் அவரைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், புது ஷூவோடு, அவ்வளவு பெரிய பெட்டியையும் இழுத்துக்கொண்டு, சாக்கடைச் சந்து வழியாகப் போய்க்கொண்டிருக்கிறார். நான் பின்னாலேயே ஓடிப் போய் மூலையில் பிடித்தேன். பெட்டியின் சக்கரமெல்லாம் சேறு. முந்தானையால் துடைத்துவிட்டேன். ஒன்பதாவது பிரிவில் திரும்பாமல் என்று எழுதினோமே, அந்தச் சொல்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, வேறு எதையோ கேட்டேன்.

“கார் வீட்டு வாசலுக்கு வந்திருக்கலாமே. ஏம்மா மூலையிலயே நிக்குது?”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஸ்டார்ட்டிங் டிரபிள்க்கா.”